செஸ்னா 172: பல்லடம் – தாராபுரம் பக்கம் எஞ்சின் நின்னா எங்க, எப்படி இறக்கறது?

அமராவதிக்கரை:

வணக்கமுங்க. கோயமுத்தூர்ல கிளம்பி பல்லடம், காங்கேயம், தாராபுரம் சுத்தி வர்ற தனிப் பறப்புக்குத் திட்டம் போட்டுட்டு இருக்கேன். விமானம் செஸ்னா 172எஸ், உயரம் கடல்மட்டத்துல இருந்து 3500 அடி. அந்தப் பக்கம் தரையே கிட்டத்தட்ட 1000 அடி இருக்கறதால, எஞ்சின் நின்னா கையில இருக்கறது 2500 அடிதான்.

செக்லிஸ்ட் மனப்பாடம். ஆனா பாடப்புத்தகத்துல வர்ற படமெல்லாம் மைல் கணக்குல நீண்டு கிடக்கற கோதுமைக் காடு. நம்ம பக்கம் ரெண்டு ஏக்கருக்கு ஒரு வேலி, வேலிக்கு ஒரு கிணறு, கிணத்துக்கு ஒரு கரண்ட் லைன், நடுவுல தென்னந்தோப்பு, காத்தாலை. கேக்க வேண்டியது இதுதானுங்க: அந்த 2500 அடியை எப்படிப் பங்கு போட்டுச் செலவு பண்ணறது? எந்த நிலத்தை நம்பலாம், எதைத் தொடவே கூடாது? கிளம்பின கையோட எஞ்சின் போனா திரும்பி ரன்வேக்கு வர முயற்சி பண்ணலாமா? நாலுவழிச் சாலைல இறக்கலாம்னு சில பேர் சொல்றாங்களே, அது சரியா?

வானூர்தி வாத்தியார்:

தம்பி, முதல்ல கணக்கு. 172எஸ்ல கிளைடு வேகம் (எஞ்சின் இல்லாம சறுக்கிப் போறப்போ வெச்சுக்க வேண்டிய வேகம்) 68 நாட். ஃப்ளாப் (இறக்கையோட பின்விளிம்புல கீழ இறங்கற மடிப்பு) இல்லாம, காத்து இல்லாம 1000 அடிக்கு ஒன்றரை நாட்டிகல் மைல் போகும். 2500 அடிக்கு மூணே முக்கால் மைல், அதாவது 7 கிலோமீட்டர். நிமிஷத்துக்கு 750 அடிக்கு மேல இறங்கும். ஆக மொத்தம் மூணே கால் நிமிஷம். ஆடி மாசத்துல 20 நாட் எதிர்காத்துல அந்த 7 கிலோமீட்டர் 5 ஆகிடும். காத்து முதுகுல இருந்தா 9. அதனால நிலம் தேடும்போது காத்துப் போற திசையில தேடறதுதான் லாபம், இறக்கறது மட்டும் காத்துக்கு எதிரா.

எஞ்சின் நின்ன நொடியில செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு: 68 நாட்டுக்கு வந்து ட்ரிம் பண்ணறது (கையை எடுத்தாலும் அந்த வேகத்துலயே நிக்கற மாதிரி அமைக்கறது). க்ரூஸ் வேகம் 110 நாட்டுல இருந்தா மூக்கை உடனே கீழ தள்ளாதீங்க. உயரத்தைப் பிடிச்சுக்கிட்டே வேகத்தைக் கரைய விடுங்க, 68 வந்ததும் கிளைடுல விடுங்க. அந்த உபரி வேகம் நமக்கு உயரமாவோ தூரமாவோ கிடைக்கும். ஏறிட்டு இருக்கும்போது நின்னா நேர்மாறு: மூக்கு மேல இருக்கு, வேகம் ஏற்கெனவே 74 சொச்சம்தான், தயங்காம முன்னால தள்ளணும்.

ரெண்டாவது நிலம். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கறது மூணாவதுதான். பல பேர் இந்த ரெண்டையும் மாத்திப் பண்ணி, பேனலை நோண்டிட்டே ஆயிரம் அடியைத் தொலைக்கறாங்க. முன் கண்ணாடி வழியா மட்டும் தேடாதீங்க. நல்ல நிலம் இடப்பக்க ஜன்னலுக்கு நேர் கீழயோ, கொஞ்சம் பின்னாலயோ இருக்கும், அதுதான் கைக்கு உறுதியா எட்டற இடம். நிலத்தைத் தீர்மானிச்சு, அதை நோக்கித் திருப்பின பிறகு கையை உள்ள கொண்டு வாங்க.

172எஸ்ல கை போற வழி கீழிருந்து மேல, அப்புறம் வலமிருந்து இடம். தரையில ஃப்யூயல் செலக்டர் ‘போத்’ல இருக்கா, ஷட்-ஆஃப் குமிழ் முழுசா உள்ள இருக்கா, ஆக்சிலரி பம்ப் ஆன், மிக்சர் (பெட்ரோல், காத்துக் கலவைக் குமிழ்) ரிச், இக்னிஷன் ‘போத்’. ப்ரொப்பெல்லர் காத்துல சுத்திட்டேதான் இருக்கும், ஸ்டார்ட்டர் தேவைப்படாது; முழுசா நின்னு போயிருந்தா மட்டும் சாவியைத் திருப்புங்க. பம்ப் போட்டதும் எஞ்சின் உயிர் பிடிச்சா, எஞ்சின் ஓட்டற பம்ப் போயிருக்குன்னு வெச்சுக்கிட்டு அந்த சுவிட்சை அப்படியே விட்டுட்டு பக்கத்து ரன்வேக்குப் போங்க, திட்டத்தைத் தொடராதீங்க.

மேடே (ரேடியோவுல ஆபத்து அழைப்பு) சொல்ல பத்து நொடி போதும். ஏற்கெனவே பேசிட்டு இருக்கற அலைவரிசையிலயே சொல்லுங்க. யார்கிட்டயும் பேசலைன்னா அவசர அலைவரிசை 121.5. பெயர், என்ன கோளாறு, எந்த ஊருக்கு எந்தப் பக்கம் எத்தனை மைல், எத்தனை பேர், எங்க இறக்கப் போறீங்க. ட்ரான்ஸ்பாண்டர்ல (ரேடாருக்கு நம்மளைக் காட்டற கருவி) அவசரக் குறியீடு 7700. பேனல்ல இருக்கற இஎல்டி (விபத்து இடத்தைக் காட்டற அவசர ஒலிபரப்பி) சுவிட்சையும் மேலயே ஆன் பண்ணிடலாம், அது 406 மெகாஹெர்ட்ஸ்ல செயற்கைக்கோளுக்குப் போகும். சூலூர் விமானப்படைத் தளம் கிளைடு எல்லைக்குள்ள இருந்தா மேடே சொல்லிட்டு அங்க போறதுக்குத் தயங்கவே வேண்டாம்.

தரையில இருந்து 1000 அடி வந்ததும் எஞ்சினை மறந்துடணும். இதை முன்கூட்டியே மனசுல முடிவு பண்ணி வெச்சிருக்கணும், ஏன்னா அந்த நேரத்துல ‘இன்னொரு தடவை பார்க்கலாம்’னுதான் கை போகும். 1000 அடியில நிலத்துக்கு இணையா டவுன்விண்ட்ல (இறக்கற திசைக்கு நேர் எதிரா, காத்து முதுகுல) இருக்கற மாதிரி அமைச்சுக்கங்க. மிச்ச உயரத்தை நிலத்துக்கு மேலயே வட்டம் போட்டுக் கரைக்கணும், தூரமாப் போயிட்டு வரக் கூடாது. நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல 90 சதவீதத் தப்பு டவுன்விண்டை நீட்டறதுலதான் நடக்கும்னு சொல்லுவேன். 20 நாட் காத்துல டவுன்விண்ட்ல தரைவேகம் 88, ஃபைனல்ல (இறக்கறதுக்கு நேரா வர்ற கடைசிப் பகுதி) 48. போனது வேகமா, வர்றது மெதுவா, ஆனா இறங்கற வேகம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். இறக்கப் போற முனை இறக்கைக்கு நேரா வந்ததுமே பேஸுக்கு (இந்த ரெண்டுக்கும் நடுவுல வர்ற குறுக்குப் பகுதி) திரும்ப ஆரம்பிங்க.

குறி வைக்கறது நிலத்தோட ஆரம்பத்தை அல்ல. உள்ள மூணுல ஒரு பங்கு தள்ளி. உறுதியா எட்டும்னு ஆனதும் ஃப்ளாப் போட்டுக் குறியை முன்னால இழுத்துக்கலாம். காரணம் எளிமையானது: கடைசி வேலியில 20 நாட்ல போய் முட்டறதுக்கும், முதல் வேலிக்கு மேல இருக்கற கம்பியில 60 நாட்ல மாட்டறதுக்கும் ஆற்றல்ல ஒன்பது மடங்கு வித்தியாசம். உயரம் அதிகமா இருந்தா ஸ்லிப் (விமானத்தைப் பக்கவாட்டுல சாய்ச்சுச் சறுக்க விட்டு உயரம் குறைக்கறது) பண்ணலாம், ஆனா 172எஸ்ல ஃப்ளாப் 20-க்கு மேல இருக்கும்போது செங்குத்தான ஸ்லிப் தவிர்க்கணும்னு கையேடு சொல்லுது. முதல்ல ஸ்லிப், பிறகு முழு ஃப்ளாப்.

ஃபைனல்ல வேகம் ஃப்ளாப் இல்லாம 70, ஃப்ளாப்போட 65. மிக்சர் முழுசா வெளிய, ஷட்-ஆஃப் குமிழ் வெளிய, இக்னிஷன் ஆஃப். ஃப்ளாப் மின்சாரத்துல ஓடுது. அதனால ஃப்ளாப் முழுசா 30-க்கு இறங்கின பிறகுதான் மாஸ்டர் ஆஃப். இதை முன்னாலயே அணைச்சுட்டு ஃப்ளாப் வரலைன்னு தவிக்கறது அடிக்கடி நடக்கற பிழை. சீட் பெல்ட் இறுக்கி, சீட்டை நிமித்தி வெச்சு, ரெண்டு கதவையும் தரை தொடறதுக்கு முன்னால திறந்து விட்டுடுங்க. அடிபட்டு சட்டம் வளைஞ்சா மூடின கதவு திறக்காது. வால் கொஞ்சம் தாழ இறக்கி, யோக்கை (கையில பிடிக்கற கட்டுப்பாட்டுச் சக்கரம்) முழுசா பின்னால பிடிச்சு, மூக்குச் சக்கரத்தை எவ்வளவு நேரம் தூக்கி வைக்க முடியுமோ அவ்வளவு நேரம் தூக்கியே வெச்சுட்டு, அப்புறம் பிரேக்.

குண்டடம் மேற்கு:

நிலத்தைப் பத்தி நான் சொல்றனுங்க.

எத்தனை எடம் வேணும்னு முதல்ல பாக்கோணும். 172எஸ் முழு எடையில, தார் ரன்வேல, நல்லா பிரேக் புடிச்சா 200 மீட்டருக்குள்ளாற நிக்குது. 15 மீட்டர் ஒசரத்துல ஒரு தடையைத் தாண்டி எறக்கறதுன்னா 400 மீட்டருக்கு மேல. ஒவ்வொரு 9 நாட் எதிர்காத்துக்கும் பத்துல ஒரு பங்கு கொறச்சுக்கலாம். 200 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம்னா ரெண்டு ஏக்கரு. நம்ம பக்கம் இது இல்லாம இல்லீங்க. பக்கத்து வேலியும் தென்னையும்தான் பிரச்சினை.

காத்து எங்கிருந்து அடிக்குதுன்னு பாக்கறதுக்கு நம்ம ஊரைப் போல வசதி வேற எங்கியும் இல்லை. கேத்தனூர், பூளவாடி, குடிமங்கலம் பக்கம் காத்தாலை இருக்குதுங்களே, ஓடற காத்தாலை எல்லாமே மொகத்தைக் காத்துக்கு நேரா திருப்பி வெச்சிருக்கும். றெக்கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமிருந்துதான் காத்து. ஒண்ணை மட்டும் பாக்காதீங்க, பழுதுக்கு நிறுத்தினது கண்டபடி நிக்கும், நாலஞ்சைப் பாருங்க. ஆனா அதுக்குக் கிட்டப் போகக் கூடாதுங்க. புதுசா நட்டதெல்லாம் றெக்கை நுனி 150 மீட்டருக்கு மேல, அதுக்குப் பின்னால பல நூறு மீட்டருக்குக் காத்து கொழம்பிக் கெடக்கும், எறங்கற நேரத்துல அது ஆளைக் கவுத்துரும். காத்தாலை இல்லாத எடத்துல செங்கச்சூளைப் பொகை, டிராக்டர் கிளப்பற புழுதி, தென்னமட்டை எந்தப் பக்கம் சாயுது, கொளத்துல எந்தக் கரையோரம் தண்ணி அலையில்லாம கெடக்குது (அந்தக் கரைதான் காத்து வர்ற பக்கம்) இதெல்லாம் பாருங்க.

கம்பி. இதுதானுங்க நம்ம பக்கத்து எமன். மேல இருந்து கம்பி தெரியவே தெரியாது, கம்பம்தான் தெரியும். அதுவும் 500 அடிக்குக் கீழ வந்தாத்தான் தெளிவா. அதனால கம்பியைத் தேடாம, கம்பி எங்க இருந்தே ஆகோணும்னு யோசிக்கோணும். கெணறு இருந்தா மோட்டார் ரூமு இருக்கும், மோட்டார் ரூமு இருந்தா அதுக்கு ஒரு லைன் வந்தே தீரும். தோட்டத்து வீடு, கோழிப்பண்ணை, விசைத்தறிக் கொட்டகை, எல்லாத்துக்கும் அதேதான். கெணறு மேல இருந்து பாக்க கருப்பா ஒரு சதுரம், பக்கத்துல ஒரு வேப்பமரமோ நாலு தென்னையோ. அந்தச் சதுரத்துல இருந்து ரோட்டுப் பக்கமா ஒரு கோடு இழுத்துப் பாருங்க, லைன் அனேகமா அதுலதான் போகும். அந்தக் கோட்டைக் குறுக்க வெட்டாத பக்கமா ஃபைனலை அமைங்க. தாண்டியே ஆகோணும்னா கம்பத்து உச்சிக்கு மேல தாண்டற அளவு ஒசரம் வெச்சுக்கங்க, நடுவுல கம்பி தொங்குதுன்னு நம்பி உள்ள பூராதீங்க.

இனி நிலம். என்னைக் கேட்டா காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொறங்காடுதான் மொதல் தேர்வு. கொழுக்கட்டைப் புல்லு, கெட்டித் தரை, உழவு கிடையாது, அனேகமா கெணறு லைன் நடுவுல வராது. சுத்தியும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி. உள்ள அங்கங்க வெள்வேல மரம் நிக்கும், மாடும் ஆடும் மேயும். கடைசியில நிக்காமப் போயி கிளுவை வேலிக்குள்ள மெதுவா பூந்தா விமானம்தான் கிழியும், ஆளுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது. மரம் ரெண்டு நேரா வந்தா ரெண்டுக்கும் நடுவுல மூக்கை வெச்சு, அடியை றெக்கை ரெண்டும் வாங்கிக்கற மாதிரி விடோணும். ஒரே மரத்துல மூக்கு போகவே கூடாது. கல்லுக்கால் நட்ட கம்பி வேலி வேற கதை, கருங்கல்லு அசையாது. மேல இருந்து பச்சைக் கோடா தெரிஞ்சா கிளுவை, கோடே தெரியாம ரெண்டு நெறம் ஒட்டி இருந்தா கல்லுக்காலா இருக்கும்னு எச்சரிக்கையா இருங்க.

சோளத்தட்டு அறுத்த காடு தை, மாசியில நல்லா இருக்கும். கடலைக் காடு வெட்டினதுக்கப்பறம் மண்ணு பொலபொலன்னு கெடக்கும், மூக்குச் சக்கரம் பூந்துக்கும், ஆனா வேற வழியில்லைன்னா தாராளமா எறக்கலாம். எந்த உழவா இருந்தாலும் சாலுக்கு இணையாத்தான் எறக்கோணும், காத்து கொஞ்சம் குறுக்க வந்தாலும் பரவாயில்லை. ஈரோடு பக்கம் மஞ்சக் காடு பாருக்குப் பாரு மேடு பள்ளம், குறுக்க போனா மொதல் பாருலயே குப்புற அடிச்சுரும். கீழ்பவானி ஆயக்கட்டுல ஆகஸ்ட் நடுவுல தண்ணி விட்டா கோபி பக்கமெல்லாம் நெல்லு வயலு. சேறு, வரப்பு, குப்புறக் கவுறும், ஆனா வேகம் குறைச்சலா இருந்தா ஆளு தப்பிக்கலாம். வளர்ந்த கரும்பு ஒசரம் ஏமாத்தும்: மேல பாத்தா தரை மாதிரி பச்சை, தொட்டா மூணு மீட்டர் கீழதான் தரை. கரும்பு உச்சியையே தரைன்னு நெனைச்சு அதுமேல ஸ்டால் (வேகம் கொறஞ்சு றெக்கை தூக்கறதை விட்டுடறது) பண்ணோணும்.

பொள்ளாச்சி, உடுமலை பக்கம் தோப்பு தோப்பாத் தென்னை. 15, 20 மீட்டர் ஒசரம், மரம் இரும்பு மாதிரி. அந்தப் பக்கம் போற வழித்தடத்துல இன்னொரு 1500 அடி சேத்து ஏறிப் போங்க, அதுதான் வைத்தியம். வத்தின கொளத்துப் படுகை மேல இருந்து அழகா வெறும் மைதானமாத் தெரியும். சீமைக்கருவேலம் இல்லாம, வெடிப்பு விட்டுக் காஞ்சிருந்தா சரி, கருப்பா பளபளன்னு இருந்தா மேல்தோலுதான் காஞ்சிருக்குது, உள்ள சேறு.

ஏ.எம்.இ. சிங்காநல்லூர்:

மேலே இரண்டு பேரும் எழுதியதோடு, எஞ்சின் ஏன் நிற்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுசாக நிற்பதைவிடப் பாதி சக்தியில் இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் அதிகம், அதுதான் ஆபத்தும் அதிகம். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2000 முதல் 2010 வரை ஒற்றை எஞ்சின் விமானங்கள் கிளம்பிய உடன் நேர்ந்தவற்றை எண்ணியது. பகுதி சக்தி இழப்பு 242, அதில் உயிர்ப்பலி நேர்ந்தவை 9. முழுசாக நின்றவை 75, உயிர்ப்பலி ஒன்றுமில்லை. முழுசாக நின்றால் விமானி முடிவெடுத்து இறக்கிவிடுகிறார். பாதி ஓடினால் ‘எப்படியாவது ரன்வேக்கு’ என்று திரும்புகிறார், திருப்பத்தில் வேகம் போய் ஸ்டால் ஆகிறது. சக்தி குறைந்தால் அது எந்த நொடியும் முழுசாகப் போகும் என்று வைத்தே பறக்க வேண்டும்: கிளைடு வேகத்துக்குக் கீழே போகாமல், இறக்கக்கூடிய நிலத்துக்கு மேலேயே.

எஞ்சின் குலுங்கினால் ஸ்பார்க் தரும் இரண்டு மேக்னெட்டோக்களையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு மேக்னெட்டோவின் உள் டைமிங் நழுவினால் தப்பான நேரத்தில் ஸ்பார்க் கொடுத்து எஞ்சினைக் கெடுக்கும்; ‘போத்’தில் குலுங்குவது, ‘ரைட்’டிலோ ‘லெஃப்ட்’டிலோ சீராகிவிடும். சீரான நிலையிலேயே விட்டுவிட்டு இறங்கப் பாருங்கள். எந்த நிலையில் சத்தமே அடங்குகிறதோ அதிலிருந்து உடனே திரும்புங்கள். ஆயில் பிரஷர் விழுந்து டெம்பரேச்சர் ஏறினால் உண்மையான ஆயில் இழப்பு, எஞ்சினுக்குச் சில நிமிடம்தான். சக்தியைக் குறைத்து இறங்குமிடம் தேடுங்கள். பிரஷர் மட்டும் விழுந்து டெம்பரேச்சர் அசையாமல் இருந்தால் கேஜோ ரிலீஃப் வால்வோவாக இருக்கலாம், அப்போதும் பக்கத்து ரன்வேக்குத்தான்.

172எஸ் ஃப்யூயல் இஞ்செக்‌ஷன், அதற்குக் கார்புரேட்டர் ஹீட் (பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் குமிழ்) கிடையாது. பழைய 172என், 152 ஓட்டுபவர்கள் கவனியுங்கள்: கார்புரேட்டர் ஐஸ் குளிர்நாட்டு நோய் அல்ல. பெட்ரோல் ஆவியாவதாலும் வென்ச்சுரியில் (கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில்) அழுத்தம் விழுவதாலும் உள்ளே வெப்பநிலை 30 டிகிரிக்கும் மேல் இறங்கலாம். கணவாய் வழியாக ஈரக்காற்று வரும் ஜூன், ஜூலையில், 23, 24 டிகிரி மேகமூட்டக் காலையில், த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போதுதான் பிடிக்கும். ஆர்.பி.எம். மெதுவாக விழும், பிறகு குலுங்கும். ஹீட்டை முழுசாக இழுங்கள். ஐஸ் உருகித் தண்ணீராக உள்ளே போகும்போது முதலில் இன்னும் மோசமாகக் குலுங்கும். பயந்து உடனே உள்ளே தள்ளிவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் அவ்வளவுதான். அரை நிமிடம் பொறுங்கள். எஞ்சின் முழுசாக நின்று ஆறிவிட்டால் ஹீட் கொடுக்கச் சூடே இருக்காது, ஆகவே ஸ்டார்ட் சோதனையில் இதுதான் முதலில்.

கிளம்புமுன் இரண்டு விஷயம். செஸ்னாவின் இடது இறக்கைக்குக் கீழே இருக்கும் ஃப்யூயல் வென்ட் குழாயில் மண்குளவி கூடு கட்டும். சில நாள் நிறுத்திவைத்த விமானம் என்றால் டார்ச் அடித்துப் பாருங்கள். வென்ட் அடைத்தால் டாங்கில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இருந்தும் எஞ்சினுக்குப் போகாது. அடுத்து தண்ணீர். ஐப்பசி மழையில் வெளியில் நின்ற விமானத்தில் மூடி ரப்பர் வெடித்திருந்தால் டாங்குக்குள் தண்ணீர் இறங்கும். 172எஸ்ஸில் வடிகால் மொத்தம் 13: இறக்கைக்கு ஐந்து, அடிவயிற்றில் மூன்று. எல்லாவற்றிலும் எடுங்கள். கண்ணாடிக் குவளை முழுக்கத் தண்ணீராகவே வந்தால் நிறமற்று, கோடு ஏதும் இல்லாமல், சுத்தமான பெட்ரோல் போலவே தோன்றும். 100எல்எல் (விமானப் பெட்ரோல்) நீல நிறம். வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். ஆயில் 5 குவார்ட்டுக்குக் கீழ் இருந்தால் ஸ்டார்ட்டே வேண்டாம்.

அமராவதிக்கரை:

ரொம்ப நன்றிங்ணா, எல்லாருக்கும். கிளம்பும்போது நிக்கறதும் சாலை விஷயமும் மட்டும் பாக்கி.

வானூர்தி வாத்தியார்:

திரும்பறதைப் பத்திக் கணக்காவே சொல்றேன். 68 நாட், 30 டிகிரி சாய்வு: 180 டிகிரி திரும்ப 19 நொடி. திரும்பி முடிக்கும்போது ரன்வேக்கு மேல இருக்க மாட்டீங்க, 430 மீட்டர் பக்கவாட்டுல இருப்பீங்க. ரன்வேயைப் பிடிக்க இன்னும் அந்தப் பக்கம் திரும்பி, மறுபடி நேராக்கணும். மொத்தம் 270 டிகிரி. சாய்வுல இறங்கு வேகம் கூடறதையும் சேர்த்தா அதுக்கே 450 அடி போயிடும். என்ன ஆச்சுன்னு உறைக்கறதுக்கு நாலு நொடி, கடைசியில நிமித்தறதுக்கு உயரம், எல்லாம் சேர்த்தா 600 அடி திருப்பத்துக்கு மட்டும். சாய்வை 60 ஆக்கினா? ஃப்ளாப் இல்லாம 172எஸ் ஸ்டால் வேகம் 48. 60 டிகிரி சாய்வுல அது 1.41 மடங்கு, 68. அதாவது கிளைடு வேகத்துலயே ஸ்டால். போதாததுக்குக் கிளம்பினப்போ எதிர்காத்தா இருந்தது திரும்பினதும் பின்காத்து. 15 நாட் காத்துல எதிர்ல இறக்கினா தரைவேகம் 50, பின்காத்துல 80. மோதல் ஆற்றல் இரண்டரை மடங்கு.

அதனால தரையில இருந்து 1000 அடிக்குக் கீழ திரும்பவே கூடாதுங்கறது என் முடிவு. மூக்கை இறக்கி, முன்னால இருக்கறதுல இடவலம் 30 டிகிரிக்குள்ள எது காலியோ அதுல. ஆனா கோயமுத்தூர்ல ரன்வே 2990 மீட்டர், இதை யாரும் சரியா நினைச்சுப் பாக்கறதில்லை. சித்திரை மதியம் 38 டிகிரியில, 1324 அடி உயரத்துல, டென்சிட்டி ஆல்டிட்யூட் (சூட்டுல காத்து லேசாகிறதால விமானத்துக்கு உறைக்கற உயரம்) 4400 அடி ஆகிடும். ஏற்றம் மந்தமாத்தான் இருக்கும். அப்பவும் 200 அடியில எஞ்சின் நின்னா முன்னால இன்னும் 1500 மீட்டர் ரன்வே கிடக்கும், கிளைடும் பிரேக்கும் சேர்த்து 800 மீட்டர் போதும். எதிர்காத்து இருந்தா 300 அடியிலகூட நேரா இறக்கிடலாம். குறுக்குச் சந்திப்புல இருந்து கிளம்பச் சொன்னா முழு நீளம் வேணும்னு கேட்டு வாங்குங்க. மேற்குக் காத்துல ரன்வே 23-ல (தென்மேற்கு நோக்கி) கிளம்பினா ரன்வே முடிஞ்சதும் ஊர்தான், அந்த நீளத்துக்கு இருக்கற மதிப்பு அப்பதான் தெரியும். கிளம்பறதுக்கு முன்னால வாய் விட்டுச் சொல்லுங்க: ரன்வே மிச்சம் இருந்தா நேரா இறக்குவேன், 1000 அடி வரைக்கும் முன்னால, அதுக்கு மேலதான் திரும்பறது.

குண்டடம் மேற்கு:

சாலைங்களா. 172 றெக்கை நீளம் 11 மீட்டர். ரெண்டு வழித் தார்ரோடு 7 மீட்டர், ரெண்டு பக்கமும் புளியமரம், ஒரு பக்கம் லைன். அதுக்குக் கணக்கே வேண்டாம். சேலம் – கோயமுத்தூர் நாலுவழி, கரூர் ரோடு எல்லாம் அகலம்தான், ஆனா நடுத்திட்டு, வெளக்குக் கம்பம், பெயர்ப்பலகை வளைவு, மேம்பாலம், எல்லாத்துக்கும் மேல வண்டி. பஸ்ல போறவங்க யாரும் இதுக்குச் சம்மதம் சொல்லலீங்க. கொறங்காட்டுல விமானம் ஒடைஞ்சா நம்மளோட போச்சு, ரோட்டுல அப்படியில்லை. சாலை வேணாமுங்க. காத்தாலைக்குப் போற மண்சாலை நேரா, கெட்டியா, வண்டியில்லாம இருக்கும், ஆசையாத் தெரியும், ஆனா அதையொட்டியே அந்தக் காத்தாலைல இருந்து கரண்ட் எடுத்துப் போற லைன் போகும். அதுக்குப் பக்கத்துக் காட்டைப் பாருங்க.

நின்னதுக்கப்பறம்: மாஸ்டர் ஆஃப்தானான்னு ஒருக்கா பாத்துட்டு, கதவு வழியா எறங்கி வால் பக்கமாப் போங்க, ப்ரொப்பெல்லர் பக்கம் வராதீங்க. பெட்ரோல் வாசம் அடிச்சா மாஸ்டரைத் திருப்பித் தொடவே தொடாதீங்க. அஞ்சு நிமிசத்துல ஊரே வந்துரும். பீடி, செல்போன் வெளிச்சம், றெக்கை மேல ஏறிப் போட்டோ புடிக்கறது, எல்லாத்தையும் மொதல்லயே நிறுத்தோணும். வந்ததுல பெரியவங்க ரெண்டு பேரைக் கூப்பிட்டு, ‘டாங்குல பெட்ரோல் இருக்குதுங்க, நூறு அடி தள்ளி நிறுத்துங்க’ன்னு சொன்னா அவங்களே பாத்துக்குவாங்க. அடிபட்டிருந்தா 108. அப்பறம் டவருக்கும் பயிற்சி நிறுவனத்துக்கும் போன். விமானத்தை நகத்தக் கூடாது, விசாரணைக்கு அப்படியே கெடக்கோணும். ஆளை எடுக்கறதுக்கு மட்டும்தான் விதிவிலக்கு.

ஏ.எம்.இ. சிங்காநல்லூர்:

ஒன்று விட்டுப்போயிற்று. கம்பி அறுந்து விமானத்தின் மேலோ பக்கத்திலோ கிடந்தால் இறங்கவே கூடாது. அறுந்த லைன் சத்தமில்லாமல், தீப்பொறி இல்லாமல் கிடந்தாலும் உயிரோடு இருக்கலாம். டிரிப் ஆனது தானாக மறுபடி சார்ஜ் ஆகவும் கூடும். உள்ளேயே உட்கார்ந்து, உலோகத்தைத் தொடாமல், ஓடிவருபவர்களைக் கத்தித் தூரமாக நிறுத்துங்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை அணைத்துவிட்டதாக அவர்கள் ஆளே வந்து உறுதி சொன்ன பிறகு இறங்கலாம். தீப்பிடித்தால் மட்டும் காத்திருக்க முடியாது: வாசலில் நின்று, விமானத்தையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலும் ஒட்டியபடி குதித்து, காலைத் தரையிலிருந்து எடுக்காமல் சிறு சிறு அடியாகத் தேய்த்தே பத்து மீட்டருக்கு மேல் விலகுங்கள். அகலமாக எட்டு வைத்தால் இரண்டு காலுக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் வந்து உடம்பு வழியாகப் பாயும்.